குவைத் அண்ணையின் சட்டைப் பை

சிட்னியின் புறநகரான கிரவீனில் உள்ள அந்த வீட்டின் படுக்கையறையில், குவைத் அண்ணையின் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் பரப்பிக்கொண்டிருந்தோம், அவருடைய மகளும் நானும். மறுநாள் காலை பத்து மணிக்கு இறுதிச் சடங்கு. வேட்டி சால்வைதான் முறை என்று உறவினர்கள் சொன்னார்களாம். எண்பத்தெட்டு வயது வரைக்கும் சட்டையும் காற்சட்டையுமாகத் திரிந்த மனிதரைக் கடைசி நாளில் வேறு யாரோ போல ஆக்க மகளுக்கு மனம் வரவில்லை. அதனால் தெரிவுசெய்ய என்னைக் கூப்பிட்டிருந்தாள். ஒன்பது சட்டைகள் இருந்தன. எல்லாம் தோய்த்து அயன் பண்ணியவை. எல்லாவற்றிலும் இடது பக்கப் பை மட்டும் தொய்ந்து, சின்னப் புத்தகம் ஒன்றின் அளவுக்கு நீள்சதுரமாக விரிந்துபோயிருந்தது. அயன் பெட்டியால் எத்தனை தரம் அழுத்தினாலும் போகாத தொய்வு அது.

"பொக்கெற் ஒழுங்கா இருக்கிற ஒரு சேட்டும் இல்லை, அன்ரி," என்றாள் மகள்.

"தேடாதை பிள்ளை. உன்ரை அப்பாவிட்டை அப்பிடி ஒண்டு இருக்காது," என்றேன். கட்டிலில் ஒரு ஓரமாக உட்கார்ந்துவிட்டேன்.

அவருக்குக் குவைத் அண்ணை என்று பெயர் வைத்தவள் நான்தான். எழுபத்து நாலாம் ஆண்டு சிட்னியில், சர்ரி ஹில்ஸ் பகுதியில் ஒரு செங்கல் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. பள்ளிக்கூடங்களுக்கு வரைபடங்களும் புவியியல் புத்தகங்களும் தயாரிக்கும் சின்ன நிறுவனம். கொழும்பில் படம் வரையப் பழகிவிட்டு, கணவரின் படிப்போடு இங்கே வந்து சேர்ந்தவள் நான். மை மணமும் பிரதி எடுக்கும் யந்திரத்தின் அமோனியா நெடியும் கலந்த அந்த நீளமான அறையில் ஏழு பேர் குனிந்திருந்து கோடு கீறுவோம். பெண் என்றால் நான் ஒருத்தி, கறுப்புத் தோல் என்றாலும் நான் ஒருத்தி. ஒரு நாள் மனேஜர் வந்து, உன் ஊர்க்காரர் ஒருவர் வரப்போகிறார், குவைத்தில் பதினொரு வருடம் வேலை செய்தவர் என்றார். ஊரைவிட்டு வந்து மூன்று வருடமாக அலுவலகத்தில் தமிழில் ஒரு தும்மல்கூடத் தும்மாதிருந்த எனக்கு, அன்றிரவு நித்திரை சரியாக வரவில்லை.

வந்தவர் மெலிந்த, உயரமான மனிதர். நல்ல குளிர்காலம். அவரோ ஒரு வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியும் மட்டும் அணிந்துகொண்டு, விறைத்துப்போய் நின்றார். மனேஜரின் அறைக்குக் கண்ணாடித் தடுப்புத்தான். உள்ளே நடப்பதெல்லாம் எங்களுக்குத் தெரியும். இருக்கச் சொல்லும் வரைக்கும் அவர் இருக்கவில்லை. இருந்ததும் சட்டைப் பையிலிருந்து தன் பாஸ்போர்ட்டை எடுத்து, இரண்டு கையாலும் மேசையில் வைத்து, மனேஜரின் பக்கமாக மெல்லத் தள்ளினார். மனேஜர் அதைத் திறந்தார், புகைப்படத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், ஏதோ பகிடி சொல்லிச் சிரித்தார். பிறகு மேசை லாச்சியைத் திறந்து அதை உள்ளே போட்டார். ஏதோ அலுவலகப் பதிவுக்காக்கும் என்று நினைத்துக்கொண்டு நான் என் கோட்டைக் கீறத் திரும்பிவிட்டேன்.

முதல் வாரத்திலேயே நாங்கள் ஒட்டிக்கொண்டோம். மதியச் சாப்பாட்டு நேரம் இருவரும் பின்படிக்கட்டில் வெயில் விழும் இடமாகப் பார்த்து இருப்போம். நான் வீட்டிலிருந்து கொண்டுபோகும் சோற்றையோ பிட்டையோ பங்கிடுவேன். அவர் ஹோம்புஷில் ஒரு அறை எடுத்துத் தனியாக இருந்தார். அவருடைய டப்பாவில் எந்த நாளும் பாணும் அவித்த முட்டையும்தான். மனைவியும் ஒரே மகளும் யாழ்ப்பாணத்தில். கல்யாணம் முடித்து இரண்டு மாதத்தில் குவைத்துக்குப் போனவர், அதற்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை லீவில் போய்ப் பார்த்துவிட்டு வருவதுதான் குடும்ப வாழ்க்கை. மகளுக்கு அப்போது எட்டு வயது. அவள் அனுப்பும் கடிதங்களில் கடைசி வரி எப்போதும், 'அப்பா, நாங்கள் எப்ப வாறது?' என்பதாக இருக்கும். அதை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். எப்போது கூப்பிடப்போகிறீர்கள் என்று நான் கேட்டால், "கூப்பிடத்தான் வேணும், தங்கச்சி. நேரம் வரட்டும்," என்பார். வீடு பார்க்க வேண்டும், தளபாடம் வாங்க வேண்டும், அதைத்தான் சொல்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். எனக்குப் பொதுவாகவே பாதிக் கதையைக் கேட்டுவிட்டு மீதியை நானே முடித்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. என் கணவர் அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

அந்த நாட்களில் பத்திரிகையைத் திறந்தால் எண்ணெய்ச் செய்திதான். அரபு நாடுகள் விலையை ஏற்றிவிட்டன, உலகமே தலையில் கை வைத்துக்கொண்டிருக்கிறது என்று எழுதுவார்கள். முந்தின வருடம் வரைக்கும் குவைத் எங்கே இருக்கிறது என்று தெரியாத ஆசிரியர்களெல்லாம் அதைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டிய நிலை. எங்கள் மனேஜர் கெட்டிக்காரர். குவைத்தைப் பற்றி மாணவர்களுக்கு ஒரு புத்தகம் போடலாம், எழுத்து தன்னுடையது, படங்கள் எங்கள் இருவருடையது என்று தீர்த்துவிட்டார். அங்கேயே இருந்து வந்த மனிதர் கையில் இருக்கும்போது வேறு யாரைத் தேடுவது?

அந்தப் புத்தக வேலை ஒரு வருடத்துக்கு மேல் போயிற்று. என் வேலை வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக வேறு எதையும் நான் வரைந்ததில்லை. முதலில் நாட்டின் உருவம். வளைகுடாவின் வடமேற்கு மூலையில் ஆப்புப்போல் செருகிய சின்னத் துண்டு நிலம். வடக்கிலும் மேற்கிலும் ஈராக், தெற்கில் சவூதி, கிழக்கில் கடல். நான் பழக்கதோஷத்தில் நீல மையைத் தொட்டுக்கொண்டு, "ஆறு எந்தப் பக்கம், அண்ணை?" என்று கேட்டேன். அவர் தன் பேனையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். மேற்கு எல்லை ஒரு வறண்ட பள்ளத்தாக்கு, எப்போதோ ஆறு ஓடிய தடம், அதுதான் அந்த நாட்டுக்குக் கிடைத்த ஆறு என்றார். நீல மைக்கு வேலை இல்லை என்று நான் மூடப்போக, அவர் தடுத்தார். கடலில், ஈராக்கின் பெரிய ஆற்று வாயிலிலிருந்து குவைத் குடா வரைக்கும் மெல்லிய புள்ளிக் கோடு ஒன்றை நீலத்தில் போட்டார். முன்னைய காலத்தில் பாய்மரக் கப்பல்கள் குடிதண்ணீர் ஏற்றிவந்த வழி அது. எந்தப் புத்தகத்திலும் நான் அந்தக் கோட்டைப் பார்த்ததில்லை. ஒரு கிழட்டு மாலுமியிடம் கேட்டு அறிந்ததாம்.

அவர் அங்கே வேலை செய்தது, கடல் நீரைக் காய்ச்சி நன்னீராக்கும் ஆலைகளைக் கட்டிய ஒரு ஒப்பந்தக் கம்பெனியில். ஆகவே தண்ணீர்ப் பக்கத்தை வரையும்போது மனிதருக்கு உற்சாகம் தாங்காது. எண்ணெயோடு வெளியே வரும் வாயுவை எரித்துக் கடலைக் காய்ச்சுவார்கள். ஆவி குளிர்ந்து வரும் தண்ணீருக்கு ருசியே இருக்காது. நிலத்தடி உவர்நீரைக் கொஞ்சம் கலந்தால்தான் வாயில் வைக்கலாம். "எண்ணெயைப் பாருங்கோ, மேட்டிலை இருக்கிற தாங்கியிலை விட்டா அது தன்ரை பாட்டிலை கடலுக்கு இறங்கிக் கப்பலிலை ஏறும். தண்ணியைத்தான் கடலிலையிருந்து கெஞ்சிக் கூட்டி வரவேணும்," என்று ஒரு நாள் சொன்னார். அந்தக் குழாய்ப் பாதையின் சரிவை அவர் வரைந்த குறுக்குவெட்டுப் படம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. தெற்கே எண்ணெய் வயல், மேடு, தாங்கிகள், கீழே துறைமுகம். நகரத்தை ஒன்றுக்கு வெளியே ஒன்றாக வளைத்துக்கொண்டு போகும் வட்டச் சாலைகளை அவர் அளவுகோல் இல்லாமலே கீறுவார். பதினொரு வருடம் நடந்த சாலைகள்தானே.

ஆட்சி பற்றிய பக்கம்தான் எங்களை இழுத்தடித்தது. நாட்டை ஆளும் அமீர் ஒரே குடும்பத்திலிருந்துதான் வருவார். அடுத்தவர் யார் என்பதை அந்தக் குடும்பமே கூடிப் பேசித் தீர்மானிக்கும். முக்கியமான மந்திரிகளும் அவர்களுடைய ஆட்களே. அதே நேரத்தில் வாக்குப் போட்டுத் தெரிவுசெய்த ஐம்பது பேரின் சபை ஒன்றும் உண்டு. அந்தப் பகுதியில் மற்ற நாடுகள் நினைத்தும் பாராத காரியம் என்று மனேஜர் பாராட்டி எழுதியிருந்தார். இந்த இரண்டுக்கும் நடுவில் திவானியா. அதைப் படமாக வரைய அவர் ஒரு வாரம் எடுத்தார். நீண்ட அறை, சுவரோரமாகச் சுற்றிவர மெத்தை இருக்கைகள், நடுவில் வெறும் கம்பளம். ஒவ்வொரு பெரிய வீட்டிலும் ஆண்கள் கூடும் இடம். அமீரின் குடும்பத்தவரோ, கம்பெனி முதலாளியோ, யாராயிருந்தாலும் குறித்த நாளில் கதவு திறந்திருக்கும். சலாம் சொல்லி உள்ளே போகலாம், இருக்கலாம், கோப்பி குடிக்கலாம். தருணம் வரும்போது கேட்க வேண்டியதைக் கேட்கலாம்.

"ஆனா ஒண்டுதான் கேக்கலாம்," என்றார் அண்ணை. "ரெண்டு கேட்டா ரெண்டும் போயிடும். நான் பதினொரு வருசத்திலை ரெண்டு தரந்தான் முதலாளியின்ரை திவானியாவுக்குப் போனனான். அப்பா செத்ததுக்கு ஊருக்குப் போக ஒருக்கா. இஞ்சை வர ஒருக்கா."

"சட்டமா அது?" என்று கேட்டேன்.

"சட்டமெண்டு ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை. மனுசருக்குத் தெரியும்," என்றார். முதல் தரம் கேட்டு அனுமதி கிடைத்து ஊர் போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்து ஒன்பது நாள் என்பதையும் அதே குரலில்தான் சொன்னார். எனக்கு ஆத்திரம் வந்தது. அவருக்கு வரவில்லை. முதலாளி நல்ல மனுசன், கையால் பேரீச்சம்பழம் எடுத்துத் தந்தவர் என்றார்.

பிறகு மக்கள் பற்றிய பக்கம் வந்தது. மனேஜர் எழுதியிருந்ததன் சாரம் இதுதான்: குவைத் மக்கள் வரி கட்டுவதில்லை, படிப்பு, வைத்தியம், வீடு எல்லாவற்றையும் அரசு பார்க்கிறது, தங்கள் பிரதிநிதிகளை அவர்களே தெரிவுசெய்கிறார்கள். வாசித்துவிட்டு, "அப்ப உங்களுக்கும் வோட்டு இருந்ததோ, அண்ணை?" என்று கேட்டேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். அங்கே பிறந்த பெண்களுக்கே இல்லை, எனக்கு எங்கே என்றார். நாட்டில் இருப்பவர்களில் பாதிக்கு மேல் வெளியூர்க்காரர்: பாலஸ்தீனர், எகிப்தியர், இந்தியர், பாகிஸ்தானியர், எங்களைப்போலச் சிலர். வைத்தியர், ஆசிரியர், மேசன், சாரதி எல்லாம் அவர்கள்தான். "எங்களையும் எண்ணுவினம். எண்ணிப்போட்டு மற்றப் பக்கத்திலை எழுதுவினம்," என்றார். உடனேயே, பாவம் பார்த்தவர்போல, "ஆஸ்பத்திரி எங்களுக்கும் சும்மாதான். பொய் சொல்லக்கூடாது," என்றும் சேர்த்துக்கொண்டார்.

எனக்கு அது போதும். நான் சின்ன வயதிலிருந்தே பிறருக்காகச் சண்டை பிடிக்க முன்னுக்கு நிற்கும் ஆள். இந்த வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள், நாட்டின் பாதியைக் காணவில்லை, நீங்கள் கட்டிய ஆலையில் அவர்கள் தண்ணீர் குடிக்கிறார்கள், புத்தகத்தில் உங்களுக்கு ஒரு வரி இல்லையா என்று ஒவ்வொரு நாளும் அரித்தேன். "நேரம் வரட்டும்," என்பார். "வாயிருக்கிற பிள்ளைதான் பிழைக்கும், அண்ணை. நீங்கள் இப்பிடியே இருந்தால் உங்கடை தலையிலை மிளகாய் அரைப்பாங்கள்," என்று நான் வெருட்டுவேன். நான் கேட்கிறேன் என்றால் மட்டும் பதறிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்வார். "இல்லை, இல்லை. நான்தான் கேக்கவேணும். நீங்கள் பொறுங்கோ." அந்தப் பதற்றத்தின் பொருள் எனக்கு விளங்கவில்லை. வெறும் பயந்த சுபாவம் என்று நினைத்தேன்.

எழுபத்தைந்தின் கடைசியில், இந்த நாட்டு வசந்தகாலத்து வெள்ளிக்கிழமை ஒன்று. படங்கள் எல்லாம் முடிந்து அச்சுக்குப் போகும் நாள். மனேஜர் எங்கள் மேசைக்கு வந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். தண்ணீர்க் கப்பல்களின் நீலப் புள்ளிக் கோட்டில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு அண்ணையின் தோளில் தட்டி, அருமையான வேலை, உனக்கு ஏதாவது வேண்டுமா, சொல் என்றார். இந்த நாட்டில் அது ஒரு வாய்ச்சொல். பக்கத்தில் ஏதாவது திருத்தம் வேண்டுமா என்பதாகவும் இருக்கலாம், தேநீர் வேண்டுமா என்பதாகவும் இருக்கலாம். அண்ணை எழுந்து நின்றார். வாயைத் திறந்தார், மூடினார், என்னைப் பார்த்தார். நான் கண்ணால் மக்கள் பக்கத்தைக் காட்டினேன். புருவத்தை உயர்த்தினேன். கேளுங்கோ என்று உதட்டை அசைத்தேன்.

அவர் தலையைக் குனிந்தார். பிறகு நிதானமான ஆங்கிலத்தில், அங்கே வாழ்பவர்களில் பாதிக்கு மேல் பிற நாடுகளிலிருந்து வந்து வேலை செய்பவர்கள், அவர்களுக்கு வாக்கு இல்லை, இதை ஒரு வரியாகச் சேர்க்க முடியுமா என்று கேட்டார். ஏன் முடியாது, நல்ல விஷயம், முன்னமே சொல்லியிருக்கலாமே என்று மனேஜர் பேனையை எடுத்து அங்கேயே எழுதிக்கொண்டு போய்விட்டார். அரை நிமிடம் பிடிக்கவில்லை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று மதியம் படிக்கட்டில், "வெண்டிட்டம் எல்லே, அண்ணை," என்று நான் துள்ளிக்கொண்டிருக்க, அவர் முட்டையை உரித்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"ஓம். நல்லது, தங்கச்சி," என்றார். கொஞ்சம் பொறுத்து, "இனி அடுத்த புத்தகம் முடியத்தான் மற்றதைக் கேக்கலாம்."

"மற்றது என்ன?"

"பாஸ்போட். அவரிட்டையெல்லோ இருக்கு. அது இல்லாமல் மனிசியையும் பிள்ளையையும் கூப்பிட எழுதேலாதே. இந்த வேலை முடியிற அண்டைக்கு அதைக் கேக்கலாமெண்டுதான் இருந்தனான்."

நான் சிரித்துவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. அந்த மனிதரின் முகத்துக்கு நேரே, படிக்கட்டு அதிரச் சிரித்தேன். பிறகுதான் அவர் சிரிக்கவில்லை என்பது தெரிந்தது. குவைத்தில் வேலைக்குச் சேரும் நாளில் கம்பெனி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். கணக்குப்பிள்ளையின் அறையில் ஒரு இரும்பு அலுமாரி, அதில் இலக்கம் போட்ட தட்டுகள், திறப்புச் சாவி முதலாளியிடம். வேலை தந்தவர்தான் நாட்டில் இருப்பதற்கும் பொறுப்பு; அவர் விட்டால்தான் போகலாம், அவர் சொன்னால்தான் குடும்பத்தைக் கூப்பிடலாம். சிட்னிக்கும் எங்கள் நிறுவனத்தின் வேலைக் கடிதத்தோடுதான் அவர் வந்திருந்தார். ஆகவே முதல் நாளே, யாரும் கேட்காமலே, மரியாதையாக ஒப்படைத்துவிட்டார். மனேஜர் சாதாரணமாக லாச்சியைத் திறந்து போட்டதும், இங்கேயும் அப்படித்தான் என்று உறுதியாகிவிட்டது. ஒன்றே கால் வருடமாக நேரம் வரட்டும் என்று அவர் சொன்னதெல்லாம் இதைத்தான். எப்போது வாறது என்று கேட்ட பிள்ளைக்கு அவர் எழுதாத பதிலை, நான் கண் காட்டி, உதட்டை அசைத்து, ஒரு வரிக்குச் செலவழிக்க வைத்துவிட்டேன்.

"அண்ணை, இஞ்சை அப்பிடியெல்லாம் இல்லை. அது உங்கடை பாஸ்போட். போய் எடுக்கவேண்டியதுதான்," என்றேன். அவர் நம்பவில்லை. இன்றைக்கு ஒன்று கேட்டாயிற்று, இன்றைக்கே இன்னொன்று கேட்டால் மனிதர் என்ன நினைப்பார் என்றார். நான் கேட்கிறேன் என்று எழுந்தேன். பழையபடி என் கையைப் பிடித்தார். இந்த முறை நான் பிடியை விடுவித்துக்கொண்டு போனேன். அவருடைய முறையை நான் மதிக்கவில்லை என்பது உண்மை. அதற்காக நான் வருந்தியதில்லை. வருந்துவதெல்லாம் சிரித்ததற்காகத்தான்.

நான் சொல்லச் சொல்ல மனேஜரின் முகம் சிவந்துகொண்டே வந்தது. லாச்சியை இழுத்தார். நூல் கட்டுகள், இறப்பர் வளையங்கள், உடைந்த அடிமட்டம், ஒரு பிஸ்கட் டின், அதற்குக் கீழே பாஸ்போர்ட். அன்றைக்கு அதை ஏன் தந்தார் என்று விளங்கவில்லை, கேட்டால் மனம் நோவார் என்று வாங்கி வைத்தேன், பிறகு மறந்தே போனேன் என்றார். அதைக் கையால் துடைத்தார். வெளியே வந்து, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அண்ணையின் முன்னால் நின்று நீட்டினார். இது உன்னுடையது, எப்போதும் உன்னுடையதுதான் என்றார். அண்ணை எழுந்து இரண்டு கையாலும் வாங்கி, மிகவும் நன்றி ஐயா என்றார். அந்த நன்றியை மனேஜரால் தாங்க முடியவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு, வா, குடிவரவு அலுவலகம் மூட இன்னும் நேரம் இருக்கிறது என்று அவரைத் தன் காரிலேயே கூட்டிக்கொண்டு போனார். ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். அண்ணை பின்கதவைத் திறந்து ஏறப் போக, மனேஜர் இறங்கி வந்து முன்கதவைத் திறந்துவிட்டார்.

அண்ணியும் மகளும் அடுத்த வருடக் கோடை முடிவில் வந்து இறங்கினார்கள். விமான நிலையத்துக்கு நானும் போயிருந்தேன். பிள்ளை தாயின் சேலைக்குப் பின்னால் நின்று, புகைப்படத்தில் பார்த்த அப்பாவை நேரில் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி இரண்டு பாஸ்போர்ட்டுகளையும் ஒன்றாக அடுக்கி, "இந்தாங்கோ, பத்திரமா வையுங்கோ," என்று அவரிடம் நீட்டினார். குடும்பத்தலைவர் கையில் கொடுப்பது எங்கள் வீடுகளில் வழக்கம்தானே. அண்ணை சூடு கண்டவர்போலக் கையைப் பின்னுக்கு இழுத்தார். பிறகு குனிந்து, சின்னதை எடுத்துப் பிள்ளையின் கையில் வைத்தார். "இது உன்ரை. உன்னட்டையே இருக்கட்டும்," என்றார். ஒன்பது வயதுப் பிள்ளை அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கார் வரைக்கும் நடந்தாள்.

புத்தகம் அச்சாகிப் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ச் சில மாதங்களிலேயே, அங்கே சபையைக் கலைத்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தது. மனேஜர் பாராட்டி எழுதிய பக்கம் பழசாகிப்போயிற்று. "எல்லாம் மாறிப்போச்சு, தங்கச்சி. எங்கடை ஒரு வரிதான் அப்பிடியே சரியா நிக்குது," என்று அண்ணை சிரித்தார். அந்த ஊரை அவர் ஒருபோதும் தூற்றியதில்லை. தொண்ணூறாம் ஆண்டு ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தபோது மட்டும், தொலைக்காட்சியில் பாலைவன வீதிகளில் மூட்டை முடிச்சோடு ஓடும் சனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "அந்த அலுமாரித் திறப்பு இப்ப ஆரிட்டை இருக்குமோ," என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது.

அவர் தன் பாஸ்போர்ட்டைப் பிறகு ஒருவரிடமும் விட்டுவைக்கவில்லை. புதிதாக எடுத்த அவுஸ்திரேலியப் பாஸ்போர்ட்டும் அப்படித்தான். வங்கியில் கேட்டால் காட்டிவிட்டுத் தன் கையிலேயே வைத்துக்கொள்வார். பிரதி எடுக்க வேண்டும் என்றால் யந்திரம் வரைக்கும் கூடவே போவார். கடைக்குப் பால் வாங்கப் போனாலும் பையில் அது இருக்கும். பேரப்பிள்ளைகள் பகிடி பண்ணுவார்கள், நானும் சேர்ந்து பண்ணியிருக்கிறேன். ஒரு சிரிப்புக்காக இவ்வளவு வெட்கப்படுகிறவளுக்கு அந்தப் பகிடியும் வந்திருக்கக் கூடாதுதான். என்ன செய்வது, வாய் அப்படி.

கடைசியில் மகளும் நானும் வெளிறிய நீலச் சட்டை ஒன்றைத் தெரிவுசெய்தோம். மறுநாள் காலை சடங்கு மண்டபத்தில், பெட்டி திறந்திருந்தது. சட்டையை நன்றாகத்தான் அயன் பண்ணியிருந்தோம். ஆனாலும் இடது பை வெறுமையாக வாய் பிளந்துகொண்டு கிடந்தது. பார்க்கப் பொறுக்கவில்லை. மகள் தன் கைப்பையிலிருந்து, எப்போதோ காலாவதியான அவருடைய பாஸ்போர்ட்டை எடுத்து அதில் வைத்தாள். பை சரியாக நிறைந்தது. மண்டபத்துப் பொறுப்பாளர், இளம் வெள்ளைக்காரர், தயங்கித் தயங்கிக் கிட்ட வந்தார். தகனத்துக்கு முன்னர் பைகளிலுள்ள பொருட்களை எடுத்துவிடுவது வழமை, அதைத் தான் வாங்கிப் பத்திரமாக வைத்துத் தரட்டுமா என்று கையை நீட்டினார்.

மகள் அப்பாவின் சட்டைப் பைக்கு மேல் தன் கையை வைத்தாள். அவரிடம் ஆங்கிலத்தில் ஒரு சொல், முடியாது என்றாள். பிறகு, அவருக்கு விளங்காது என்று தெரிந்தும், தமிழில் சொன்னாள்.

"அது அவரின்ரை. அவரிட்டையே இருக்கட்டும்."